அரை லிட்டர் ஸ்ட்ராபெர்ரி

நாத்தனார் மகளின் பிறந்தநாள் கேக்குக்கு அரை கிலோ ஸ்ட்ராபெர்ரி வேண்டும் என்றது யூடியூப். எங்கள் வீட்டு எடை மிஷினில் பேட்டரி தீர்ந்து பல மாதம். எனக்கு அது தேவையுமில்லை. அரை லிட்டர் பால் பாக்கெட்டைத் தூக்கினால் அரை கிலோ கனம். அப்படியென்றால், அரை லிட்டர் பால் பாத்திரம் நிறையப் பழம் போட்டாலும் அரை கிலோதானே? இந்தக் கணக்கில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

பாத்திரம் நிறைந்த பிறகும் கோபுரமாகக் குவித்தேன். தலைதட்டி அளப்பது கஞ்சத்தனம் என்று பழகிய கை. பிறகு நறுக்கி, சர்க்கரை தூவி, அதே பாத்திரத்தில் மூடி வைத்துவிட்டு, குன்றத்தூரிலிருந்து வந்திருந்த நாத்தனாரோடு ஹாலில் பேச உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்து திறந்தால் பாதிதான் இருந்தது.

பக்கத்தில் மாமனார் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை நோய். போன தீபாவளிக்கு மைசூர்பாகு டப்பாவோடு கையும் களவுமாகப் பிடிபட்டவர். எனக்கு வேறு சாட்சி வேண்டுமா?

"மாமா, மீதிப் பழம் எங்க? குழந்தை கேக்குலகூடவா கை வைப்பீங்க?"

நான் கத்தியதில் நாத்தனார் எழுந்து வந்துவிட்டாள். "ஏம்ப்பா, டாக்டர் அவ்ளோ சொல்லியும் இப்படிப் பண்றியே!"

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "ரெண்டு மூணு எடுத்தேன்மா. இனிமே தொட மாட்டேன்" என்றார். தண்ணீர் லாரி வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று கீழே இறங்கிப் போனார்.

அவரே ஒப்புக்கொண்ட பிறகு எனக்கென்ன சந்தேகம்? மேடவாக்கம் கூட்டுரோட்டுக்குப் போய் இன்னும் பழம் வாங்கி வந்தேன். அதே பாத்திரம், அதே கோபுரம், அதே சர்க்கரை. இந்த முறை சமையலறையிலேயே காவல் இருந்தேன். மாமனார் இன்னும் மேலே வரவில்லை.

பழம் என் கண்ணெதிரே இறங்கியது. முழுப் பழங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியையும் சேர்த்துத்தான் அரை கிலோ என்று அளந்திருக்கிறேன். நறுக்கியதும் அது போய்விட்டது. சர்க்கரை பட்டதும் துண்டுகள் சாறு விட்டுச் சுருங்கிவிட்டன. மறுபடியும் பாதி.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அந்த மட்டும் கிடையாது. நான் கத்தியதைவிட, சண்டை முடியட்டும் என்று செய்யாததைச் செய்ததாக அவர் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. அதுவும் பெற்ற மகள் முன்னால். நாத்தனாரைக் கூப்பிட்டுப் பாத்திரத்தைக் காட்டினேன். அவள் கரண்டியால் ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டு, அப்பா வருகிறாரா என்று வாசலுக்குப் போனாள்.

மாமனார் மேலே வந்ததும், மிச்சமிருந்த பழத்தில் ஒன்றைக் கழுவி நீட்டினேன்.

"மாமா, தப்பு என்னோடதுதான். நீங்க எடுக்கவே இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. இந்த ஒண்ணு சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது."

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே பயந்துதான் சொன்னார்.

"வேணாம்மா. அப்புறம் அளவு குறைஞ்சிடும்."