ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கூடை ஐஸ்

கார் ஒர்க்‌ஷாப்பில் இஞ்சினைவிடச் சீக்கிரம் சூடாவது, வருகிறவர்களின் சந்தேகத்துக்குப் பதில் சொல்லும் ஆள்தான்.

திருவொற்றியூர் ரஹீம் பாய் கடையில் அந்த ஆள் நான். ஆட்டோமொபைல் மூன்றாம் வருஷம், ஒரு மாதப் பயிற்சி. "ஒரு கஸ்டமராவது நீதான் வண்டியத் தொடணும்னு வாயத் தொறந்து கேக்கட்டும்மா, அப்ப ஸ்பானர் தரேன்" என்று பாய் முதல் நாளே சொல்லிவிட்டார். அதுவரை எனக்கு வாசல் ஸ்டூல். இப்படி வாசலில் உட்கார்த்தி வைக்கப்பட்ட சக பாவிகளே, நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

சைலன்ஸர்

எம்.கே.பி. நகர் அண்ணன் ஒருவர், சைலன்ஸரைக் கழற்றினால் பிக்கப் ஏறுமா என்றார். ஏறாது, சத்தம்தான் ஏறும், அபராதமும் வரும் என்று படம் போட்டு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிக்கப்ப வுடு. நான் வந்துகினு கீறேன்னு முன்னாடி போறவனுக்குத் தெரிய வாணாமா?"

எண்பது குதிரை

மாத்தூர் பெரியவருக்கு வேறு கவலை. மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நிற்கும்போது எண்பது குதிரைசக்தி எதற்கு, நாற்பதை அணைத்துவைக்க ஸ்விட்ச் உண்டா? இந்தக் காரில் முடியாது என்பதற்கு நான்கு காரணம் சொன்னேன். நான்கையும் தலையாட்டிக் கேட்டவர், என் தலைக்கு மேலாக உள்ளே பார்த்துக் கத்தினார்: "பாய், இந்தப் பொண்ணு சொல்றது கரெக்டா?"

கூடை

பயிற்சி முடிய இரண்டே நாள். காசிமேட்டு மீன் வேன்காரர் மாரி அண்ணன் வந்தார். குளிர்ந்த காற்று போனால் இஞ்சின் நன்றாக இழுக்கும் என்று யாரோ சொன்னார்களாம். பாதி உண்மைதான். மீதிப் பாதிக்கு அவர், ரேடியேட்டருக்கு முன்னால் மீன் கூடையை நட்டு போட்டு முடுக்கி, ஐஸை நிரப்பியிருந்தார்! கூடை காற்றை மறைக்கிறது, ஐஸ் கரைந்ததும் வண்டி கொதிக்கும், எண்ணூர்கூடத் தாண்டாது என்று அரைமணி நேரம் சண்டை போட்டேன். வேனைக் கிளப்பிக்கொண்டே அவர் கேட்டது: "காசிமேட்டுல பொறந்தவனுக்கே ஐஸப் பத்தி பாடம் எடுக்கிறியா நீ?"

மறுநாள்

காலையிலேயே வேன் திரும்பி வந்தது, வேறொரு வேன் கயிறு கட்டி இழுக்க. எண்ணூர் தாண்டவில்லை. பாய் ஸ்பானரோடு எழுந்தார். மாரி அண்ணன் கையைக் குறுக்கே நீட்டினார்: "நீ குந்து பாய். என்னாண்ட சண்ட போட்டு ஜெயிச்சது அந்தப் பொண்ணு, அதுதான் கயட்டணும்."

மூன்று வருஷம் இஞ்சின் படித்த நான், சொந்தக் கையால் முதன்முதலில் கழற்றிய பாகம் மீன் கூடை.