மழை குடித்த பனி

என் மாமனாரைப் பொறுத்தவரை நான் துபாயில் பார்க்கும் வேலை ஒரு கட்டுக்கதை. பரமக்குடிப் பக்கம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். "டிக்கெட் எடுத்துட்டேன்" என்று சொல்பவன் முகத்தைப் பார்த்தே எடுத்தானா இல்லையா என்று சொல்லிவிடுவார் என்பது ஊர்ப் பேச்சு. அதே கண்ணால்தான் என்னையும் பார்த்தார். சைட்டில் வேலை என்றால் நம்பியிருப்பார். டிரைவர் என்றாலும் நம்பியிருப்பார். தார் ரோடு உருகுகிற ஊரில், ஒரு மாலுக்குள் மலைச்சரிவு மாதிரிக் கட்டி, அதில் பனியைக் கொட்டி, காலில் நீளப் பலகை மாட்டிக்கொண்டு சறுக்குவதற்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் எந்த மாமனார் நம்புவார்?

வீடியோ அனுப்பினேன். "இப்பல்லாம் செத்துப்போனவுகளே செல்லுல வந்து பேசுறாக மருமகனே. இது என்ன பெரிய விசயம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். புதுப் போன் என்பதால் விட்டேன்.

நான் இங்கே வந்தது என்னவோ அந்தச் சரிவின் வாசலில் பூட்ஸ் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குத்தான். வருகிறவர்களின் கால் அளவைக் கேட்டுக் கொடுக்க வேண்டும், திரும்ப வாங்கித் துடைத்து அடுக்க வேண்டும். கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் டூட்டி முடிந்ததும் விளையாட்டாக எனக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தார். விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, ஒரு நாள் விழாமல் கீழே வந்து சேர்ந்தேன். இன்று என் சட்டை முதுகில் கோச் என்று போட்டிருக்கிறது. முதுகுளத்தூர்க்காரன் முதுகில் அப்படி எழுதியிருப்பதைப் பார்க்க எனக்கே சில நாள் சிரிப்பு வரும். ஆனால் அது நிஜம்.

கல்யாணமாகி ஒரு வருடம் ஆனது. மனைவியை ஃபேமிலி விசாவில் அழைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். மாமனார் ஒரே பிடியாக நின்றார். முதலில் விசிட் விசாவில் போகட்டும், மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும், அப்புறம் நிரந்தரமாக அனுப்புவதைப் பற்றிப் பேசலாம் என்றார். என் குடும்பம் இங்கே வருமா வராதா என்பது, நான் பனியில் சறுக்குவதை அவள் பார்ப்பதில் வந்து நின்றது.

வந்தாள். வந்த நேரம் பெருநாள் கூட்டம், ஸ்டாஃப் குடும்பத்துக்குப் பாஸ் கிடையாது என்றார்கள். கூட்டம் குறைந்தபோது அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டு எழுந்தபோது விசாவில் கடைசி வாரம். எப்படியோ ஒரு பாஸ் வாங்கினேன். அந்தப் பாஸ் போட்ட அன்றைக்குத்தான் மழை பிடித்துக்கொண்டது.

மழை என்று சொன்னால் போதாது. காலையில் வானம் பச்சையாகக் கிடந்தது. பாசி பிடித்த கண்மாய்த் தண்ணீர் இருக்குமே, அந்தப் பச்சை. பிறகு கொட்ட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. தண்ணீர் போக வழியில்லாத ஊர். எங்கள் கட்டடத்துக்குக் கீழே நின்ற கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. அவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஊருல பேய வேண்டியதெல்லாம் இங்க வந்து பேஞ்சிட்டுப் போகுது" என்றாள். குரலில் அத்தனை பொறாமை.

மறுநாள் மழை விட்டது. சூப்பர்வைசர் போன் செய்து எல்லோரையும் வரச் சொன்னார். அவர் லெபனான்காரர், உண்மையான மலையில் பிறந்து உண்மையான பனியில் வளர்ந்தவர். "ஸ்னோ ப்ராப்ளம், யல்லா, சீக்கிரம் வா" என்று மட்டும் சொன்னார். அதற்கு அடுத்த நாள் அவளுக்கு மதுரை ஃபிளைட். பறக்குமோ பறக்காதோ, விசா முடிகிறது. இன்று காட்டாவிட்டால் இல்லை என்று அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் மால். முழங்கால் தண்ணீரில் என் தோளைப் பிடித்தபடி நடந்து வந்தாள்.

ஸ்டாஃப் வழியாக உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை காலம் அந்தக் கதவைத் திறந்தால் மூக்கு முடி விறைக்கும். இன்று முகத்தில் ஒன்றுமே அடிக்கவில்லை. மெஷின் ரூமில் தண்ணீர் புகுந்து குளிரூட்டும் மெஷின் முந்தின நாளே நின்றுபோயிருந்தது. மேலே கூரையிலிருந்து பல இடங்களில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பனி வெள்ளையாக இல்லை. சாம்பல் நிறத்தில், ஊறவைத்த அவல் மாதிரிச் சொதசொதவென்று கிடந்தது. சரிவின் அடியில் குட்டையாகத் தண்ணீர். கால் வைத்தேன், கணுக்கால் வரை இறங்கியது. என் கையால் எத்தனையோ பேருக்குப் பழக்கிய இடம். அது எனக்கு அடையாளமே தெரியவில்லை.

சூப்பர்வைசர் மட்டும் பதறவில்லை. ஓர் உருண்டை எடுத்துப் பிழிந்தார், விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. "எங்கள் ஊரில் மார்ச், ஏப்ரலில் மழை பெய்தால் இப்படித்தான்" என்றார் ஆங்கிலத்தில். "மேலே காய்ந்து இருக்கும், பாதியில் ஈரம் வரும். ஈரம் வந்த இடத்தில் பலகையைப் பிடித்து நிறுத்திவிடும். நீ நிற்க மாட்டாய். இன்றைக்கு ஸ்கீ கலாஸ், சறுக்குவது கிடையாது, எல்லோரும் மண்வெட்டி எடுங்கள்." என் மனைவியைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

மண்வெட்டியோடு நான் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்ப்பது என்ன? சேற்றை அள்ளுகிற மாதிரி எதையோ அள்ளும் ஓர் ஆள். நாளைக்கு ஊருக்குப் போய் இறங்குவாள். "என்னம்மா பாத்த?" என்று மாமனார் கேட்பார். "மம்பட்டி புடிச்சுக்கிட்டு நின்னாரு" என்பாள். நினைத்தாலே காந்தியது. சூப்பர்வைசர் மெஷின் ரூம் பக்கம் போன நேரம் பார்த்து பூட்ஸை மாட்டினேன், பலகைகளைத் தோளில் தூக்கினேன். லிஃப்ட் ஓடவில்லை, நடந்தே மேலே ஏறினேன். பிலிப்பைன்ஸ்காரர் கீழேயிருந்து, "பாய், மாஃபி, மாஃபி" என்று, வேண்டாம் என்கிற மாதிரிக் கையை ஆட்டினார். காதில் வாங்கவில்லை.

மேலேயிருந்து கண்ணாடியைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் எழுந்து நிற்பது தெரிந்தது. சறுக்கத் தொடங்கினேன். முதலில் எல்லாம் பழைய மாதிரியே. காற்று காதில் இரைந்தது. பாருடி, நல்லாப் பாரு, உங்கப்பனுக்குப் போய்ச் சொல்லு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சரிவில் பாதி வந்ததும் ஈரப் பனி வந்தது.

யாரோ இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்த மாதிரி இருந்தது. பலகை நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. முகம் முன்னால் போய்ப் பனியில் குத்தியது, தோள் மோதியது, பிறகு எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை. வாய் நிறைய இரும்பு வாசனை அடிக்கும் பனி. எழுந்து உட்கார்ந்தபோது எனக்கு வலியைவிட அதிர்ச்சிதான். கோச் என்று முதுகில் எழுதிக்கொண்டு திரிந்திருக்கிறேன், ஈரம் பட்ட பனியை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மெஷின் தினமும் புதிதாகச் செய்து கொடுத்த பனி. மழையில் நனையாத பனி. மூக்கிலிருந்து ரத்தம் சொட்டி, சாம்பல் பனியில் சிவப்பாக இறங்கியது.

கண்ணாடிப் பக்கம் பார்த்தேன். பெஞ்ச் காலியாக இருந்தது. எழுந்து போய்விட்டாள், பார்க்கச் சகிக்காமல் போய்விட்டாள் என்று நினைத்தேன். அதற்குள் கீழே சத்தம். ஸ்டாஃப் கதவு வழியாக உள்ளே வந்து, சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தச் சொதசொதப்பில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். ஒரு செருப்பு எங்கேயோ புதைந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பனியை மிதிக்கிறாள், குனிந்துகூடப் பார்க்கவில்லை.

வந்ததும் துப்பட்டாவால் என் மூக்கை அழுத்திப் பிடித்தாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "இதத்தான் தெனம் பண்றீகளா?" என்றாள்.

"தெனம் இப்படி விழ மாட்டேன். மழையில பனி கெட்டுப்போச்சு" என்றேன். கூடவே, "இப்பவாவது நம்புறியா?" என்றும் கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான் எப்ப நம்பல? வந்த அன்னைக்கே உங்க முட்டித் தழும்பப் பாத்தேன். சும்மா நிக்கிறவருக்கு அம்புட்டுத் தழும்பு எங்கேருந்து வரும்?" என்றாள். குரல் உடைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் என்னைத் திட்டிய திட்டு அரபியில் என்பதால் எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதும். முதலுதவி அறையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. மூக்கில் பஞ்சு வைத்து, தோளில் ஐஸ் பை வைத்தார்கள். வெளியே அத்தனை பனியைக் குப்பை மாதிரித் தள்ளிக்கொண்டிருக்க, எனக்கு ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ்.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. மாமனார். துபாய் முங்கிப்போனதை டிவியில் பார்த்திருக்கிறார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நல்லாருக்கோம்ப்பா. தண்ணி வடிஞ்சிருச்சு."

"சரிம்மா. போன காரியம் என்னாச்சு? அவரு வேலையப் பாத்தியா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும். அவள் என்னைப் பார்த்தாள். பஞ்சைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள்.

"பாத்தேன்ப்பா. நீங்க சொன்னதுதான் சரி. சறுக்குறதெல்லாம் சும்மா. பூட்ஸ் எடுத்துக் குடுக்குற வேல. வர்றவுகளுக்குக் கால் அளவு பாத்துக் குடுக்கணும், அம்புட்டுத்தான். ஏசி ரூம்பு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனைப் பிடுங்கக் கையை நீட்டினேன், தோள் வலி உயிர் போனது. அவள் எட்டாத பக்கம் நகர்ந்துகொண்டாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "இத நான் அவருகிட்ட எப்படிச் சொல்ல? சொன்னா என்னிய அனுப்புவாரா?" என்று கிசுகிசுத்தாள்.

அந்தப் பக்கம் பெருமூச்சு விடும் சத்தம் கேட்டது. "நாந்தான் அப்பவே சொன்னேன்ல. செருப்புக் கடைன்னா செருப்புக் கடைன்னு சொல்ல வேண்டியதுதான, அதுல என்ன குறைச்சல்? நாங்கூட என்ன ஏடாகூடத்துல மாட்டிக் கெடக்காரோன்னு தூக்கமில்லாமக் கெடந்தேன். போன அவருகிட்டக் குடு."

கொடுத்தாள். என் முகத்துக்கு நேராக அவள் முகம். உண்மையைச் சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"மருமகனே, விசா எடுக்குற வேலையப் பாருங்க, புள்ளைய அனுப்பி வைக்கிறேன். எங்கிட்டப் போயி பனி, மலைன்னு இனிமே கத விடாதீக."

"சரி மாமா" என்றேன். பஞ்சு வைத்த மூக்கோடு பேசியதில் என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

"எனக்கு ஒம்பது நம்பர் கால். வரும்போது ஒரு சோடி எடுத்துட்டு வாங்க" என்றார்.