பொட்டு வைத்த தம்ளர்

சர்க்கரை வியாதி எனக்குத் தொண்ணூறுகளின் கடைசியில் வந்தது. ஆஸ்பத்திரியில் பத்தியம் சொல்லித்தர ஒரு மலையாளப் பெண் இருந்தாள். வேளைக்கு அரிசி அறுபது கிராம், மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்காவிட்டால் தினமும் ஊசிதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஊசி என்றால் எனக்கு உயிர் போகும். சோறு குறைந்தாலும் உயிர் போகும்.

எங்கள் வீட்டில் தராசு ஏது? என் மனைவி சாலைக் கடைத்தெருவுக்குப் போய், வழக்கமாக அரிசி வாங்கும் திருநெல்வேலிக்காரரிடம் அறுபது கிராம் நிறுக்கச் சொல்லியிருக்கிறாள். வீட்டில் கிளி வளர்க்கிறீர்களா என்று கேட்டாராம். அந்தப் பொட்டலத்தை ஒரு கண்ணாடித் தம்ளரில் கொட்டினாள். பாதிகூட வரவில்லை. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த மட்டத்தில் வெளியே ஒட்டினாள். அன்றோடு கிராம் ஒழிந்தது, பொட்டு ஆட்சி தொடங்கியது.

நான் சும்மா விடுவேனா? அரிசி எட்ட வேண்டியது பொட்டின் அடி விளிம்பையா, மேல் விளிம்பையா என்று முதல் நாளே கேட்டேன். போனால் போகிறதென்று மேல் விளிம்பு என்றாள். மறுநாளே பெரிய பொட்டாகப் பார்த்து ஒரு அட்டை வாங்கிவந்து கொடுத்தேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் நான் அவளுக்கு வாங்கிய முதல் பொட்டு. பெரிய பொட்டை நெற்றியில் வைத்துக்கொண்டாள். தம்ளரில் பழையதே இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் சோற்றுக்குப் பதிலாக அவல். அதையும் பொட்டு வரைதான் அளந்திருந்தாள். இரண்டு வாய்க்கு வரவில்லை. எனக்கு வந்ததே கோபம். நானே கடைக்கு ஓடி அறுபது கிராம் அவல் நிறுத்து வாங்கிவந்து அந்தத் தம்ளரில் கொட்டிக் காட்டினேன். தம்ளர் நிறைந்து தரையில் சிந்தியது. எடைதான் சட்டம், பொட்டு இல்லை என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பிறகு பொரி. அறுபது கிராம் பொரி ஒரு பெரிய சம்படம் நிறைய வந்தது. சொர்க்கத்தைக் கண்ட மாதிரி இருந்தது. அவள் பொரிக்கும் அவலுக்கும் தனித்தனிப் பாத்திரம் வைத்துக்கொண்டாள்.

பொரி வயிற்றில் நிற்குமா? அரை மணி நேரத்தில் மறுபடியும் பசி. ஆகவே ஆபீஸ் விட்டதும் தம்பானூரில் ஒரு டீக்கடையில் இரண்டு பழம்பொரி, மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்த நேந்திரம்பழம். அதை யாரும் நிறுப்பதுமில்லை, அளப்பதுமில்லை.

மூன்று மாதம் கழித்துப் போனோம். சர்க்கரை இம்மிகூட இறங்கவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம். வீட்டில் எப்படி அளக்கிறீர்கள் என்று என் மனைவியைக் கேட்டாள். இவள் பொட்டுக் கதையைச் சொன்னாள். ஒரு வேளைக்கு எத்தனை தடவை அளப்பீர்கள் என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ரெண்டு தடவ."

பார்த்தீர்களா, இரட்டிப்பு, அதுதான் குறையவில்லை என்று அந்தப் பெண் என்மேல் பாய்ந்தாள். சத்தியமாக எனக்கு ஒன்றுதான் என்று அலறினேன். மனைவி மெதுவாகச் சொன்னாள், இன்னொன்று தனக்கு என்று. சேச்சிக்கும் சர்க்கரை உண்டா என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை என்று இவள் தலையாட்டினாள்.

"இவங்க முன்னால அவ்வளவு கொஞ்சம் வச்சிட்டு, என் தட்டுல குமிச்சு வச்சு எப்படி சாப்பிட?"

அந்தப் பெண் அவளை எடை மெஷினில் ஏறச் சொன்னாள். அவள் ஏறி நின்றபோதுதான் பார்த்தேன், ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. பழம்பொரியை அங்கேயே ஒப்புக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. மூன்று மாதமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். அவள் தட்டில் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.