நாலு அங்குலம் உயர்ந்த வண்டி

லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்தில், தரைத்தளத்தில் எங்கள் மெஸ். சமையல் என் மனைவி. சமைத்ததை பிக்கப் வண்டியில் கொண்டுபோய் இறக்குவது நான். பாலிகஞ்சில் ஓர் ஆபீசுக்குத் தினமும் மதியச் சாப்பாடு. மூன்று வருஷம் சளைக்காமல் சமைத்துப் போட்டு அவள் பிடித்த ஆர்டர் அது. அந்த வருஷ மழையில் வண்டி இரண்டு முறை நடுத்தண்ணீரில் நின்றுபோய், சாப்பாடு மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தது. "இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறோம்மா" என்று அங்கிருந்த தமிழ் அதிகாரி அவளிடம் போனில் சொல்லிவிட்டார். அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் சும்மா இருப்பேனா? நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய வெளிநாட்டு மோட்டார் பத்திரிகை ஒன்று என்னிடம் இருந்தது. அதில் 'லிஃப்ட் கிட்' போட்டு உயர்த்திய பிக்கப் ஒன்று ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. படத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடினேன். அவர் பெங்காலிக்காரர், நிதானமானவர். இஞ்சினுக்குக் காற்று போகிற குழாயை மட்டும் மேலே தூக்கி வைத்தால் போதுமே என்றார். போதும்தான். ஆனால் வெளியே தெரியாதே! படத்தையே திரும்பத் திரும்பக் காட்டினேன். "ஹோபே, தாதா, ஹோபே" என்று பெருமூச்சு விட்டார். ஆகட்டும் என்று அர்த்தம். தொலையட்டும் என்று குரல்.

கிட்டாவது ஒன்றாவது, அது இங்கே யாரிடம் இருக்கிறது? அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து, நீளமான போல்ட் போட்டு முறுக்கினார். ஷாக் அப்சார்பரை மாற்றினார். பெரிய டயர் மாட்டினார். வண்டி நாலு அங்குலம் உயர்ந்தது; நான் ஓரடி. சாம்பார் அண்டாவை ஏற்ற முன்பு இரண்டு பேர் போதும், இப்போது நாலு பேர் வேண்டியிருந்தது. நான் ஏறுவதற்கே முக்காலி வேண்டியிருந்தது. அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், வெட்கங்கெட்டவன்.

ஒரு வாரத்தில் அடைமழை. காலையில் சந்தில் முழங்கால் தண்ணீர், மெஸ்ஸுக்குள் கணுக்கால். அவள் செங்கல் அடுக்கி, அடுப்பு, அண்டா, சோற்றுக்கூடை எல்லாவற்றையும் தண்ணீருக்கு மேலே ஏற்றிவிட்டாள். மெயின் ரோட்டில் நின்ற வண்டியை எடுக்கக் கிளம்பினேன். "சந்துக்குள்ள கொண்டு வராதீங்க. முக்குலயே நிறுத்துங்க, நாங்க தூக்கிட்டு வந்துடறோம்" என்றாள்.

முக்கில் நிறுத்தவா நாலு அங்குலம்? ஹாரன் அடித்துக்கொண்டே உள்ளே விட்டேன். அடடா, என்ன ஓட்டம்! இரண்டு பக்கமும் தண்ணீர் பிளந்து விலகியது. ஜன்னல்களிலிருந்து பெங்காலியில் கத்தினார்கள். பாராட்டுகிறார்கள் என்று கையசைத்தேன். விலகிய தண்ணீர் எங்கே போகும் என்று அந்த மண்டையில் தோன்றவே இல்லை. மெஸ் வாசலில் பிரேக் போட்டபோது அது எனக்கு முன்னாலேயே உள்ளே போயிருந்தது. தாளித்துக் கொட்டுவதற்காகத் திறந்து வைத்திருந்த சாம்பாரில் சாக்கடைத் தண்ணீர். சோற்றுக்கூடை கவிழ்ந்து மிதந்தது. அடுப்பு அணைந்திருந்தது. அவள் கையில் தாளிப்புக் கரண்டி.

போன் செத்திருந்தது. யாராவது போய்ச் சொல்ல வேண்டும். காலி வண்டியோடு நான் போனேன். அந்த மழைக்காலத்தில் முதல் தடவையாகப் பன்னிரண்டரைக்கே போய் நின்றேன்.

"பரவாயில்லையே! இந்த மழையிலயும் கரெக்டா வந்துட்டீங்களே" என்று இறங்கி வந்தார் அதிகாரி. நடந்ததைச் சொன்னேன். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். திட்டக்கூட இல்லை.

திரும்பி வந்து முக்கிலேயே நிறுத்திவிட்டு, தண்ணீரில் நடந்து போனேன். அவள் கணுக்கால் தண்ணீரில் குந்தி, அடுப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆர்டர் போய்விட்டது என்று சொன்னேன். தலையாட்டினாள். துணியைப் பிழிந்துகொண்டே, "வண்டிக்குள்ள தண்ணி போகலையே?" என்றாள்.

குத்திக் காட்டியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். பாவி, நிஜமாகவே கேட்டாள்.

"போகல" என்றேன்.