பூங்காவுக்காக ஓட்டுக் கேட்டோம்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார். "சமதளமான இடத்துல தினமும் நடக்க வைங்கம்மா." சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். கொடைக்கானலில் சமதளத்துக்கு எங்கே போவது? எங்கள் வாசலில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தால் அது கீழ்த்தெரு ரேஷன் கடையில் போய்த்தான் நிற்கும்.

எங்கள் வார்டில் தட்டையாக இருந்தது சின்னப் பூங்கா ஒன்றுதான். ஊஞ்சல்கள், சிமெண்டு பெஞ்சு, சுற்றி நடக்க ஒரு பாதை. எத்தனையோ வருஷம் மலைப்பாதையில் வேன் ஓட்டிய மனிதர், என் தோளைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தார். கால் கொஞ்சம் பழகி வரும்போது சீசன் தொடங்கியது. ஊஞ்சல்களைக் கழற்றிவிட்டு, டூரிஸ்ட் வண்டிகள் நிறுத்த அந்த இடத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

நகராட்சி ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "எலெக்சன் வருதும்மா. ஒங்க வார்டுக்குக் கவுன்சிலர் வரட்டும், அவங்க மூலமா கேளுங்க."

அந்த முறை எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ராத்திரி அவருக்கு ரசஞ்சோறு பிசைந்துகொண்டே, "பேசாம நானே நின்னுரட்டுமா?" என்றேன், விளையாட்டாக. பேச்சு அப்போது அவருக்கு முழுசாகத் திரும்பவில்லை. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுக்க வேண்டும். கரண்டியைக் கீழே வைத்தார். "நில்லு" என்றார்.

நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். வார்டில் பாதிப் பெண்களின் அளவு எனக்குத் தெரியும். ஓட்டுக் கேட்கத் தெரியாது. சுயேச்சையாக மனுக் கொடுத்தேன். கிடைத்த சின்னம் மின்விசிறி. வத்தலக்குண்டில் இருக்கும் என் தங்கை போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏக்கா, அந்தக் குளுருல ஃபேனுக்கு யாருக்கா ஓட்டுப் போடுவா? இங்கிட்டு வந்து நில்லு, அள்ளிரலாம்."

பிரசாரத்துக்குக் கிளம்பிய முதல் நாள் பார்க்கிறேன், அவர் குரங்குக் குல்லாயும் கைத்தடியுமாக வாசலில் தயாராக நிற்கிறார். ஒற்றைக் கையாலேயே ஷூ மாட்டியிருந்தார்.

"நீங்க எங்கங்க கெளம்பிட்டீங்க?"

"ஓட்டு... கேக்க."

"அம்புட்டும் ஏத்தமா கெடக்குங்க."

"வேன்... ஓட்டுன... ரோடுதான."

வீட்டைப் பூட்டினேன். போனோம். முதல் நாள் எங்கள் சந்து முனையைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்கு நாற்காலி வந்தது, சூடாக டீ வந்தது. மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோகும். அவர்தான் எடுத்துக் கொடுப்பார். "பார்க்கு... வேணும்." பிறகு, "ஃபேனு" என்று சொல்லி, நல்லாயிருந்த இடது கை விரலைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றிக் காட்டுவார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவரும் கோணிய வாயோடு சிரிப்பார். நோய்க்குப் பிறகு அவர் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

தேர்தல் நெருங்கிய சமயம். மேட்டுத்தெருவில் ஒரு கேட்டருகே நின்று பேசிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். பதறிப்போய்க் கீழே ஓடித் தேடினேன். "அக்கா, இங்க இருக்காருக்கா!" என்று மேலேயிருந்து குரல். தெருக்கோடியில், செங்குத்தான படிகளுக்கு மேலே இருந்த வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடிங்க ஏறுனீங்க?"

"ஏறி...ட்டேன்." அவருக்கே ஆச்சரியமாக இருந்தது முகத்தில் தெரிந்தது.

அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வீட்டுக்காரப் பெண் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுகாதீங்கக்கா. எங்க வீட்டு ஓட்டு அம்புட்டும் ஒங்களுக்குத்தான்."

ஓட்டுப் போடும் நாளன்று துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தனியாகவே உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, "அமுக்கிட்டேன்" என்றார்.

நான் மூன்றாவதாகத்தான் வந்தேன். ஜெயித்தது கட்சி சார்பில் நின்ற ஒரு சின்னப் பெண். அவள் கல்யாண ஜாக்கெட் நான் தைத்ததுதான். அன்று சாயங்காலமே இனிப்போடு வீட்டுக்கு வந்தாள். எனக்கு வருத்தம் இல்லையென்று சொன்னால் பொய். அவர் அவளை நிமிர்ந்து பார்த்து, "பார்க்கு" என்றார்.

"மறக்க மாட்டேன் மாமா."

சில மாதம் ஆனது. இடையில் நான் போய் ஞாபகப்படுத்தினேன். அவள் முகம் சுளிக்கவில்லை. இப்போது காலையில் வெள்ளனே பூங்காவைத் திறந்துவிடுகிறார்கள், வண்டிகள் வந்து சேரும்வரை நடக்கலாம். ஊஞ்சல்கள் இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவர் இப்போது தனியாகவே போகிறார். நடந்து முடித்துப் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசிவிட்டு, திரும்பி மேடேறி வருவார். நேரமாகிவிட்டால் தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன். வழியில் ஏதாவது ஒரு வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு கதை பேசியபடி நிற்கிறார். வரட்டும் என்று மறுபடி மிஷினில் உட்காருகிறேன்.