மாடியில் குரங்கு, டிவியில் கரடி

மாடித் தோட்டத்துக்கு வெண்டை விதை வாங்க மேலகரம் கடைக்குப் போயிருந்தேன்.

கடைக்கார அண்ணாச்சி கேட்டார்: "ஒங்க வீட்டு சார் வேலைய விடப் போறாவளாம்லா? மலையடிவாரத்துல இடம் பாக்கச் சொல்லுதாவ."

காட்டில் வீடு கட்டி, விளைவித்ததைச் சாப்பிட்டு வாழும் வெளிநாட்டுக் குடும்பங்களை என் கணவர் தினமும் டிவியில் பார்க்கிறார். பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தேன். மகள் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"சும்மா விசாரிச்சேன்" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். அதில் ஒரு கரடி வந்துகொண்டிருந்தது.

மாடியில் தொட்டி உருளும் சத்தம்.

"ஏட்டி, குரங்கு வந்துட்டு. கம்ப எடுத்துட்டு சீக்கிரம் போ!"

போனேன்.

அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பவர்கள் சொல்லுங்களேன், அங்கே கரடியை விரட்டுவது கணவனா, மனைவியா?