நான் கேட்காத குக்கர் விசில்

இரண்டு தொலைக்காட்சி நாடகங்களுக்கு வசனம் எழுதியிருக்கிறேன். இரண்டாவதில் பாதி வசனத்தை நடிகர்களே மாற்றிக்கொண்டார்கள். இந்தத் தகுதியை நம்பி, உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் படப் பயிலரங்குக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாக என்னைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு த்ரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துவர வேண்டும். தேர்வாகும் ஒன்றை முழுப்படமாக எடுக்க உதவுவார்கள்.

முதல் வரைவுகளைப் பார்த்துக் கருத்துச் சொல்வது என் வேலை. லிட்டில் இந்தியாவில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, குவீன்ஸ்டவுன் திரும்பும் ரயிலில் கைப்பேசியில் பார்த்தேன். இயர்ஃபோனை வீட்டில் மறந்திருந்தேன். சத்தமாக வைத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் முறைப்பார்கள். நமக்குத் தெரியாத சினிமாவா என்று ஒலியை அணைத்துவிட்டேன். கார் நிறுத்துமிடம், முகம் தெரியாத ஆள், ஓடும் கால்கள். பெரும்பாலும் இதேதான்.

மார்சிலிங் வட்டாரப் பள்ளியிலிருந்து வந்த மாணவியின் படம் மட்டும் வேறு மாதிரி. அடுக்குமாடித் தாழ்வாரத்தில் ஒரு மூடிய கதவு. குப்பைப் பையோடு வரும் பக்கத்து வீட்டு அம்மா அதைப் பார்க்கிறார், போகிறார், திரும்பி வருகிறார், கடைசியில் தட்டக் கை தூக்குகிறார். அவ்வளவுதான். எனக்குப் புல்லரித்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் மௌனத்தைப் பற்றி அரை மணி நேரம் பிளந்து கட்டினேன். "சத்தமே இல்லாம பயமுறுத்தியிருக்கா பாருங்க, அதுதான் சினிமா!" என்று அவளைக் காட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். பாராட்டில் திக்குமுக்காடிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். நான் எதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

தேர்வு நாளில் எல்லோர் முன்னாலும் பெரிய திரையில் போட்டோம். அவள் படம் முடிந்ததும் வானொலியில் வேலை பார்த்த நடுவர் அம்மா உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு நிமிஷமா கதவையே காட்டுனா எப்படி லா? இது வேணாம்."

மூன்றாமவரும் ஆமோதித்தார். நான் மௌனத்தின் மகிமையை மறுபடி ஆரம்பிப்பதற்குள் அந்தப் பெண் எழுந்தாள்.

"ஃபர்ஸ்ட் சவுண்ட் இருந்துச்சு சார். நீங்க சைலன்ஸ்தான் நல்லாருக்குன்னு சொன்னீங்க. அதான் எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

பழைய வரைவைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினாள். கதவுக்குப் பின்னால் குக்கர் விசில். மூன்று விசிலுக்கு அந்த அம்மா சிரித்துக்கொண்டே போகிறார். ஐந்தாவதில் நிற்கிறார். ஒன்பதாவதில் கை தூக்குகிறார். விசில் நிற்கவில்லை. அடுப்பை அணைக்க உள்ளே யாரும் இல்லை.

ரயிலில் எனக்குப் புல்லரித்தது ஏர்கான் குளிரால் இருக்கலாம்.

பேசாமல் இருந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். அவள் படம் போயிருக்கும். அவள் இன்னும் உட்காராமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. "தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல. நான் ரயில்ல சவுண்ட ஆஃப் பண்ணிட்டுப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

நடுவர்கள் பழைய வரைவைத் திரையில் போடச் சொன்னார்கள். படம் முடிந்ததும் வானொலி அம்மாதான் முதலில் கைதட்டினார். அதையே தேர்ந்தெடுத்தார்கள். அவள் ஓடிவந்து நன்றி சொன்னது வானொலி அம்மாவுக்கு.

அப்போது கடைசி வரிசையில் வேறொரு பெண் கை தூக்கினாள்.

"சார், என் படத்துல மியூசிக் ரொம்ப ஓவர்னு எழுதியிருந்தீங்களே?"

"ஆமா, இப்ப குறைச்சிட்டியா?" என்று சமாளித்தேன்.

"அதுல மியூசிக்கே கிடையாது சார்."